பேட்டரி யார் தலையில்? அம்பத்தூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை இரண்டு சக்கரங்களின் கதை

சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்பும் புறநகர் ரயில்கள் பேசின் பிரிட்ஜைத் தாண்டி இரண்டாகப் பிரிகின்றன. ஒன்று மேற்கே அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் போகும். இன்னொன்று வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று போய்க் கும்மிடிப்பூண்டியில் நிற்கும். இரண்டு பாதைகளிலும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1979இல். அந்த வகையில் இந்த ஊர்களுக்கு வந்த முதல் மின்வண்டி ரயில்தான்.

இந்த இரண்டு பாதைகளின் ஓரத்தில்தான் தென்னிந்தியாவின் இரண்டு சக்கரங்களின் கதை பெரும்பாலும் எழுதப்பட்டது. அம்பத்தூரில் சைக்கிள். திருவொற்றியூரில் புல்லட். அத்திப்பட்டில் நிலக்கரியை எரித்து மின்சாரம். கும்மிடிப்பூண்டியில் இரும்பும் ஈயமும் உருக்கும் உலைகள். ஒரு எலக்ட்ரிக் வண்டிக்குச் சட்டகமும் மோட்டாரும் மின்சாரமும் வேண்டும், செத்த பேட்டரியைக் கொண்டுபோய்ப் போட ஓர் இடமும் வேண்டும். நான்குக்கும் இங்கேயே ஆள் இருந்தது. அப்படியும் "எந்த எலக்ட்ரிக் பைக் வாங்கலாம்?" என்று இந்தப் பாதையில் வேலைக்குப் போகும் ஒருவர் கேட்டால், சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு சார்ஜுக்கு எவ்ளோ கிலோமீட்டர் கொடுக்கும்?" பெட்ரோல் வண்டியிடம் மைலேஜ் கேட்டுப் பழகிய கேள்வி அது. வண்டிகளின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் வேறொரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வண்டி பழசாகும்போது அந்தச் செலவு யார் தலையில் விழும்?

காலும் பெட்ரோலும்

1949இல் முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் அம்பத்தூர். அன்றைக்கு அது மெட்ராஸுக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் அம்பத்தூரில் இன்றும் ஒரு மருத்துவமனை இருக்கிறது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று பர்மிங்ஹாமில் பிறந்த பெயர்கள் அம்பத்தூரிலிருந்து ஊர் ஊராகப் போயின.

சைக்கிளுக்கு எரிபொருள் சோறு. பஞ்சர் ஆனால் தெருமுனையில் ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு ஒட்டும் போதும். செயின் அறுந்தால் அரை மணி நேர வேலை. இருபது வருடம் ஓடிய சைக்கிளில் முதலில் இருந்த பாகம் சட்டகம் மட்டும்தான் என்றுகூட ஆகிவிடும். ஆனால் அது சைக்கிளாகவே இருக்கும். பழசாவதன் செலவு சில்லறையாகப் பிரிந்து, கையில் காசு இருக்கும் நாளில் போய்ச் சேரும். தொழிலாளிக்கு அது முக்கியமான வசதி.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக வாங்கிய புல்லட்டுகள்தான் அதற்குத் தூண்டுதல். திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினார்கள், பிறகு எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாய் நிறுவனமே மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆனால் ஷிஃப்டுக்குப் போகிறவர் வாங்கும் வண்டியாக அது பெரும்பாலும் இல்லை. போலீஸ்காரர், கான்ட்ராக்டர், பண்ணையார் என்று அதற்குத் தனி ஆட்கள் இருந்தார்கள்.

சைக்கிளுக்கும் புல்லட்டுக்கும் நடுவில் இருந்த பெரிய இடைவெளியை நிரப்பியது மொபெட். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. என்ஃபீல்டு நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் சுண்டாப் நிறுவன வடிவமைப்பில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்ற சின்ன வண்டிகளையும், மோஃபா என்ற குட்டி மொபெட்டையும் விற்றது. அவை போய்விட்டன, டி.வி.எஸ். மொபெட் நின்றது. பின்னால் மீன்கூடை வைக்கலாம், முன்னால் அரிசி மூட்டை வைக்கலாம். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்துக்கொண்டு போகலாம். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸ்.எல். 100 ஆக மாறி, இன்றும் ஓடுகிறது.

இந்தத் தொழிற்பகுதிக்கு வேண்டிய வண்டி எப்படிப்பட்டது என்பதை அந்த மொபெட் சொல்லிவிட்டது. வேகம் குறைவாக இருக்கலாம், பாரம் தூக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், தெருமுனையில் சரிசெய்ய வேண்டும். எலக்ட்ரிக் வண்டி வந்தபோது இந்த நான்கையும் அதிடமும் எதிர்பார்த்தார்கள்.

லைசென்ஸ் வேண்டாத வண்டி

2000களின் நடுவில் "பேட்டரி வண்டி" கடைகள் தமிழ்நாட்டு ஊர்களில் திறக்கத் தொடங்கின. அந்தக் கடைகளில் நடந்த பேச்சை யாரும் எளிதாக ஊகிக்கலாம்.

"அண்ணே, லைசென்ஸ் வேணுமா?"

"வேணாம் தம்பி. நம்பர் பிளேட்டும் வேணாம், இன்சூரன்ஸும் வேணாம்."

இது வியாபாரப் பேச்சு மட்டும் இல்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரை மணி நேர ஆற்றல் 250 வாட்டுக்கு உட்பட்டு, வேகம் 25 கிலோமீட்டருக்கு உட்பட்டு, பேட்டரி தவிர்த்த எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அந்த வண்டி மோட்டார் வாகனமே இல்லை. சட்டத்தின் கண்ணில் அது சைக்கிளுக்குப் பக்கத்து வீடு.

கோயம்புத்தூரில் 2008இல் ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே காலத்தில் முருகப்பா குழுமம் பி.எஸ்.ஏ. மோட்டார்ஸ் என்ற பெயரில் பேட்டரி ஸ்கூட்டர்களை விற்றது. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்து, பிறகு மோட்டார் சைக்கிள் செய்து, அம்பத்தூர் வந்து சைக்கிள் ஆன ஒரு பெயர் இப்போது மின்சாரத்தில் ஏறியது. நாட்டின் இந்த மூலையில் அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தப் பேட்டரி ஸ்கூட்டர்கள் கடைகளிலிருந்து மறைந்தன.

ஏன்? காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றன.

முதலில் அந்த 250 வாட். நல்ல பயிற்சி உள்ள சைக்கிள் வீரர் ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரும் ஆற்றல் அது. ஒருவர் மட்டும் சமதரையில் போக அது போதும். ரயில்வே மேம்பாலம் ஒன்றில் பின்னால் ஆளை உட்காரவைத்து ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் 60, 70இல் போகும்போது, 25இல் போகும் வண்டிக்கு ஓரத்தைத் தவிர வேறு இடம் இல்லை. சட்டம் கொடுத்த சலுகையே வண்டியைக் கட்டிப்போட்டது.

இரண்டாவது, ஈயம். அன்றைய வண்டிகளில் இருந்தவை ஈய அமில பேட்டரிகள். நான்கு பெட்டிகள் சேர்ந்து ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும், அதற்கு 25 கிலோவுக்கு மேல் எடை. ஒவ்வொரு நாளும் அடிவரை காலிசெய்து ஏற்றினால் சில நூறு தடவைகளில் அதன் ஆயுள் முடியும். தினமும் ஷிஃப்டுக்கு ஓடுகிற வண்டிக்கு அது ஒன்றரை வருடக் கணக்கு. அதன் பிறகு மொத்தமாக ஒரு தொகை வைக்க வேண்டும். சைக்கிளிலும் மொபெட்டிலும் சில்லறையாகப் பிரிந்து வந்த செலவு இங்கே ஒரே நாளில் வந்து நின்றது.

மூன்றாவது, கரண்ட். பேட்டரி வண்டி வந்த காலமும் தமிழ்நாட்டில் மின்வெட்டு தொடங்கிய காலமும் ஒன்று. 2008இலிருந்து ஏறிக்கொண்டே போன மின்வெட்டு 2012இல் உச்சத்தைத் தொட்டது. சென்னை நகரத்துக்கு இரண்டு மணி நேரம், வெளியே உள்ள ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று அது பங்கு போடப்பட்டது. ஒரு பேட்டரி வண்டிக்கு ஆறேழு மணி நேரத் தொடர் சார்ஜ் வேண்டும். ராத்திரி ஃபேனே ஓடாத வீட்டில் வண்டிக்கு எங்கிருந்து கரண்ட் வரும்?

நான்காவது, மானியம். 2010 நவம்பரில் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மின்வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது. மெது வண்டிக்கு அதிகபட்சம் 4,000 ரூபாய், வேக வண்டிக்கு 5,000. 2012 மார்ச்சில் அது முடிந்தது. அதோடு நாடு முழுக்க விற்பனை சரிந்தது. தனியே நிற்கப் பழகும் முன்பே கைத்தடியை எடுத்துவிட்டார்கள்.

சீனாவில் ஓடியது

இதே மெது வண்டி, இதே ஈய பேட்டரி, சீனாவில் கோடிக்கணக்கில் ஓடியது. நம் ஊர்க் கடைகளுக்கு வந்த வண்டிகளில் பலவற்றின் மோட்டாரும் கன்ட்ரோலரும் அங்கிருந்துதான் வந்தன. அப்படியானால் அங்கே ஓடியது இங்கே ஏன் நின்றது?

1990களின் பின்பாதியிலிருந்து சீனாவின் பெருநகரங்கள் ஒவ்வொன்றாகப் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களைக் கட்டுப்படுத்தின, சில நகரங்கள் முற்றாகத் தடைசெய்தன. 1999இல் வந்த தேசியத் தர விதி, 20 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட, மிதிகட்டை உள்ள மின்வண்டியைச் சைக்கிள் என்று ஏற்றுக்கொண்டது. சாலைகளில் ஏற்கெனவே அகலமான சைக்கிள் பாதைகள் இருந்தன. ஆக, மெது வண்டிக்குப் போட்டி இல்லை, போக வழி இருந்தது, பழுது பார்க்கத் தெருவுக்கொரு கடையும் முளைத்தது. பேட்டரி செத்தால் பழசைக் கொடுத்து, வித்தியாசத் தொகையைக் கட்டி, புதிதை மாட்டிக்கொண்டு போகலாம்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்குப் பாதை இல்லை. போட்டிக்கு டி.வி.எஸ். மொபெட் இருந்தது. அதே விலைக்கு அருகில், இரு மடங்கு வேகத்தில், எந்தப் பெட்ரோல் பங்க்கிலும் இரண்டு நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளும் வண்டி. மெது மின்வண்டியின் தோல்விக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறை சொல்வது இதனால்தான் சரியாக இல்லை. அங்கே சாலையும் சட்டமும் கடையும் சேர்ந்து தாங்கிய பாரத்தை இங்கே வாங்கினவர் தனியாகத் தூக்கினார்.

2019இல் நடந்த தேர்வு

2015 ஏப்ரலில் மத்திய அரசு ஃபேம் என்ற மானியத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் சுற்றில் ஈய பேட்டரி மெது வண்டிகளுக்கும் பங்கு இருந்தது. 2018 அக்டோபரிலிருந்து ஈய பேட்டரி வண்டிகளை விலக்கினார்கள். 2019 ஏப்ரலில் வந்த இரண்டாம் சுற்று இன்னும் தெளிவாகக் கோடு போட்டது. குறைந்தது 40 கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜில் குறைந்தது 80 கிலோமீட்டர் தூரம், நவீன பேட்டரி. இவை இருந்தால்தான் மானியம்.

பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு 10,000 ரூபாய் என்று தொடங்கிய மானியம் 2021 ஜூனில் 15,000 ஆனது, வண்டி விலையில் 40 சதவீதம் வரை. பெரிய பேட்டரிக்குப் பெரிய மானியம் என்பது இதன் பொருள். நிறுவனங்கள் எந்த வண்டியைச் செய்யும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த ஏதர் ஓசூரில் ஆலை போட்டது. ஓலா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்கு வந்தது. டி.வி.எஸ். ஐகியூப் ஓசூரிலிருந்து வந்தது. ஆம்பியர் ராணிப்பேட்டையில் பெரிய ஆலை திறந்தது. தமிழ்நாடு அரசு 2019 செப்டம்பரில் தனிக் கொள்கை வெளியிட்டு, சாலை வரியை முழுதாகத் தள்ளுபடி செய்தது.

இந்த முடிவில் நியாயம் இருக்கிறது. ஈய பேட்டரி வண்டிகள் வாங்கியவர்களை ஏமாற்றமடைய வைத்திருந்தன. லித்தியம் பேட்டரி அதே எடையில் மூன்று நான்கு மடங்கு மின்சாரம் பிடிக்கும், பல மடங்கு தடவை சார்ஜ் தாங்கும். பெட்ரோல் ஸ்கூட்டரோடு நேருக்கு நேர் நிற்கக்கூடிய ஒரு மின் ஸ்கூட்டர் நம் ஊரில் உருவானது இந்தக் கொள்கையால்தான்.

ஆனால் ஒரு லட்சத்தைச் சுற்றி விலை போன அந்த வண்டி மொபெட்டின் இடத்துக்கு வரவில்லை. அது வந்தது அலுவலகத்துக்குப் போகும் ஸ்கூட்டரின் இடத்துக்கு. பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வீட்டுக்கும், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட் வாசலுக்கும் ஒரு நாளில் மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 80 கிலோமீட்டர் தூரம் தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது சின்ன பேட்டரி, குறைந்த விலை, உறுதியான சட்டகம், 35 அல்லது 40 வேகம். அப்படி ஒரு வண்டிக்கு மானியப் பட்டியலில் இடம் இல்லாமல் போனது. மெது வண்டி ஒரு தடவை ஈயத்தால் தோற்றது, இரண்டாம் தடவை விதியால் ஒதுக்கப்பட்டது.

ஒதுக்கப்பட்டது மறையவில்லை. இன்றும் லைசென்ஸ் வேண்டாத வண்டிகள் சின்னக் கடைகளில் விற்கின்றன. அவற்றில் சில, காகிதத்தில் 25, சாலையில் 45. ஒரு ஒயரைப் பிடுங்கினால் வேகக் கட்டுப்பாடு போய்விடும் என்று வாங்குபவருக்குச் சொல்லித் தரப்படுகிறது. அப்படி ஓடுகிற வண்டி விபத்தில் சிக்கினால் அதற்குப் பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. அடிபட்டவர் இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்கவும் வழி இருக்காது, ஓட்டியவர் கையிலிருந்து கொடுக்கவும் பணம் இருக்காது.

தீ

2022 மார்ச் கடைசி வாரத்தில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த சில நாட்களுக்குள் சென்னைக்கு வடக்கே மாத்தூர் பக்கம் சாலையோரத்தில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் எரிந்த வீடியோ எல்லோருடைய போனுக்கும் வந்தது. அதன் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. ஏ.ஐ.எஸ். 156 என்ற தர விதியின் திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. ஒரு செல் சூடேறினால் பக்கத்துச் செல்லுக்குப் பரவாமல் தடுப்பது, முன்கூட்டியே எச்சரிப்பது, தண்ணீர் புகாமல் காப்பது ஆகியவை அதில் அடக்கம்.

பழைய வண்டி வாங்குபவருக்கு இந்தத் தேதி முக்கியம். இந்தத் தொழிற்பகுதியில் இரண்டாம் கை வண்டி வாங்குபவர்களும் உண்டு. 2023 ஏப்ரலுக்குப் பிறகு செய்த பேட்டரியா, முன்பு செய்ததா என்று கேட்பது, டயரைத் தட்டிப் பார்ப்பதைவிட அவசியமான சோதனை. பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் தயாரித்த மாதம் இருக்கும்.

2023 ஜூனில் மானியத்தைக் குறைத்தார்கள். உள்நாட்டுப் பாக விதியை மீறியதாகச் சில நிறுவனங்களிடம் கொடுத்த மானியத்தைத் திரும்பக் கேட்டார்கள். அதில் சில தள்ளாடின. ஒரு நிறுவனம் தள்ளாடும்போது அதன் வண்டிகள் மட்டும் ரோட்டில் இருக்கும், ஷோரூம் ஷட்டர் இறங்கியிருக்கும். பெட்ரோல் வண்டியானால் நிறுவனம் போனாலும் மெக்கானிக் இருப்பார், பிஸ்டனைக் கடைந்தாவது கொடுப்பார். பூட்டிய மென்பொருளோடு வரும் பேட்டரிக்கு அந்த வழி இல்லை.

முன்பணமாகக் கட்டிய பெட்ரோல்

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் உங்கள் ஊருக்கும் வண்டிக்கும் தகுந்தபடி மாறும், முறை மாறாது.

பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ரூ. 2.20. மின் ஸ்கூட்டர் மூன்றரை யூனிட்டில் 100 கிலோமீட்டர் போகும், யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 28 காசு. விளம்பரம் இதோடு நின்றுவிடும். நாம் நிற்க வேண்டாம். அந்த லித்தியம் பேட்டரியை மாற்ற 60,000 ரூபாய் என்றும், அது 50,000 கிலோமீட்டர் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ரூ. 1.20 பேட்டரி தேய்மானம். கரண்டைவிட நான்கு மடங்கு. ஈய பேட்டரி மெது வண்டியில் 12,000 ரூபாய்ப் பேட்டரி 12,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்.

மின்வண்டியின் உண்மையான பெட்ரோல் பேட்டரிதான் என்பது இப்போது தெரிகிறது. வண்டி வாங்கும் நாளிலேயே ஐந்தாறு வருடத்துப் பெட்ரோலை மொத்தமாக வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம். நிறைய ஓட்டுபவருக்கு இது லாபம். உணவு டெலிவரிக்கு ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர் போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுத்துவிடுவார். பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுபவர் பெரிய பேட்டரி வாங்கினால், எரிக்கப்போகாத பெட்ரோலுக்கு வட்டி கட்டுகிறார். பேட்டரி ஓடாமல் இருந்தாலும் வருடக்கணக்கில் மெல்ல வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

பேட்டரியை வண்டியிலிருந்து பிரித்து விற்கும் யோசனை இங்கிருந்துதான் வருகிறது. 2020 ஆகஸ்டில் பேட்டரி இல்லாமலே மின்வண்டியைப் பதிவுசெய்ய மத்திய அரசு அனுமதித்தது. 2025 ஜூலையில் வந்த ஹீரோவின் விடா விஎக்ஸ்2 போன்ற வண்டிகள், பேட்டரியை ஓடும் கிலோமீட்டருக்கு வாடகையாகக் கொடுக்கும் முறையை முன்வைத்தன. யோசனை புதிது இல்லை. 1910களிலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் மின் நிறுவனம் ஒன்று லாரிகளுக்கு மாற்று பேட்டரியை மைல் கணக்கில் வாடகைக்குக் கொடுத்தது. செலவைச் சில்லறையாகப் பிரிக்கும் பழைய சைக்கிள் வசதியை இது திரும்பக் கொண்டுவருகிறது. ஆனால் ஒப்பந்தம் எத்தனை வருடம், குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும், நடுவில் வண்டியை விற்றால் என்ன ஆகும் என்று படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

சாம்பலும் ஈயமும்

இந்தப் பாதையில் மின்வண்டியைப் பற்றிப் பேசும்போது ரயில் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் பேசாமல் விட முடியாது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம், பக்கத்தில் 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம். அவற்றின் சாம்பல் செப்பாக்கம் கிராமத்தைச் சுற்றிக் குளமாக நிற்கிறது. கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்தது பற்றி எண்ணூர் மீனவர்கள் வருடக்கணக்கில் பேசிவருகிறார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. நகரத்தில் ஓடும் மின்வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை என்பது உண்மை. அந்தக் குழாயின் இன்னொரு முனை அத்திப்பட்டில் இருக்கிறது என்பதும் உண்மை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. அம்பத்தூரில் பெயர் வாங்கிய ஒரு ஸ்கூட்டரின் பேட்டரி இந்த உலைகளில் ஒன்றில் கதையை முடித்திருக்கலாம். ஈயத்துக்கு நல்ல விலை இருப்பதால் பழைய ஈய பேட்டரி குப்பையில் கிடப்பதில்லை, யாராவது வாங்கிக்கொள்வார்கள். முறையான ஆலைக்குப் போகாமல் கொல்லைப்புற உலைக்குப் போனால்தான் ஆபத்து. ஈயப் புகை மண்ணில் இறங்கும், குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும். லித்தியம் பேட்டரியின் சிக்கல் நேர் எதிரானது. செத்த பிறகு அதற்குத் தெருமுனையில் விலை இல்லை. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. விதி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் ஷோரூமில் போய்க் கேட்க முடியும்.

இதையெல்லாம் சொல்வது மின்வண்டி வேண்டாம் என்பதற்காக இல்லை. பெட்ரோல் வண்டிப் புகை ஒவ்வொரு சிக்னலிலும் நம் மூக்குக்கு நேராக வருகிறது, மின்சாரத்திலாவது காற்றாலையும் சூரியத் தகடும் கலந்துகொண்டே போக வழி இருக்கிறது. தேவைக்கு மேல் பெரிய பேட்டரி வாங்கும்போது மீஞ்சூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருப்பவர்கள் அதில் கொஞ்சம் பங்கு கொடுக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சரி, எதை வாங்குவது?

ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்குள், உள்தெருக்களில், தனியாகப் போகிறவருக்கு மிதித்தால் உதவும் மின் சைக்கிள் போதும். அதன் பேட்டரி சிறியது, கழற்றி மாடிக்குக் கொண்டுபோகலாம், செத்தாலும் சைக்கிளாக ஓடும். மிதிகட்டை சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்து மோட்டாரை ஓட்டும் சைக்கிளைவிட, எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளந்து உதவும் சைக்கிள் பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும். விலைதான் கூடும்.

லைசென்ஸ் வேண்டாத மெது ஸ்கூட்டர், நெடுஞ்சாலையைத் தொடாத ஊருக்கு, வயதானவர்களுக்கு, கடைக்காரர்களுக்குப் பயன்படும். லித்தியம் பேட்டரியோடு, 25இல் நிற்கும் வண்டியாக வாங்க வேண்டும். ஒயரைப் பிடுங்கித் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வேண்டாம்.

பதிவு எண் உள்ள வேக ஸ்கூட்டர், நெடுஞ்சாலையில் ஓட்டியே ஆக வேண்டியவருக்கும் தினம் 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கும். அதிலும் பெரிய பேட்டரி வேண்டுமா, சிறியதா என்பதைத் தினமும் ஓடும் தூரத்தை இரண்டால் பெருக்கி முடிவுசெய்யலாம். மின் மோட்டார் சைக்கிள் இன்னும் வேகத்துக்கும் விருப்பத்துக்கும் உரியது. சென்னையின் ராப்டீ 2024இல் தன் வண்டியை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு ராயல் என்ஃபீல்டு, போரில் பாராசூட்டில் இறக்கிய தன் பழைய குட்டி மோட்டார் சைக்கிளின் பெயரான ஃப்ளையிங் ஃப்ளீயை மின்வண்டிக்கு வைத்தது. முருகப்பா குழுமமும் 2022இல் மோன்ட்ரா என்ற மின் ஆட்டோவோடு திரும்பி வந்தது. ஆலை அதே அம்பத்தூரில்.

வாடகை வீட்டில் இருப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லைன் வீடுகளில் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்துத் தான் சொல்லும் விலைக்குக் கரண்ட் கொடுப்பார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை அந்த மீட்டர் வரை இறங்கி வருவதில்லை. இரண்டு நாளுக்கு ஒரு தடவை மூன்றரை யூனிட் சார்ஜ் செய்தால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய அதே 100 யூனிட்தான் ஆகும். அதை முதலிலேயே வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்வது நல்லது. கழற்றும் பேட்டரியா, கீழே பிளக் பாயிண்ட் இருக்கிறதா, மழையில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்குமா என்பதும் வண்டியின் நிறத்துக்கு முன்னால் வர வேண்டிய கேள்விகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்பதை வடசென்னையும் மணலியும் மறந்திருக்காது.

கடைசியாக, கடைக்காரரிடம் "எவ்ளோ கிலோமீட்டர் கொடுக்கும்?" என்று தாராளமாகக் கேட்கலாம். கூடவே, "அஞ்சு வருஷம் கழிச்சு இந்த பேட்டரி என்ன விலை, யார் மாத்துவாங்க, பழசை யார் எடுத்துப்பாங்க?" என்றும் கேட்க வேண்டும். அதற்கு எழுத்தில் பதில் தருகிற வண்டியை வாங்கலாம்.